உம் கொட்டுகிறவள்

அவள் உம் கொட்டவில்லை. ஆனாலும் கதை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அது அவளுக்கு உடனே உறைக்கவில்லை. வேனின் முன் இருக்கையில், கணவனுக்குப் பக்கத்தில், ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி அரைத்தூக்கத்தில் இருந்தாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புல்மேடு, இரண்டுக்கும் நடுவில் தீவைச் சுற்றிப் போகிற ஒரே சாலை. டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்கும் ஓசையும், பின்னால் கட்டிவைத்த பாத்திரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும் ஓசையும், வெயிலில் காய்ந்த கடற்பாசியின் வாடையும், எல்லாவற்றுக்கும் மேலே அவனுடைய குரலும் சேர்ந்து அவளைத் தாலாட்டிக்கொண்டிருந்தன.

“கடைசி மாடியில லிஃப்ட் கதவு திறக்குது. உள்ள பார்த்தா ஒரு ஆடு நிக்குது. தனியா! ஆட்டுக்கு யாரு பட்டன் அமுக்கிக் குடுத்தா?” என்று கேட்டுவிட்டு, வழக்கம்போல ஒரு நொடி நிறுத்தினான். அவள் ‘ம்’ போட வேண்டிய இடம் அது. சோம்பலில் விட்டுவிட்டாள்.

“ம்” என்று கேட்டது. அவன் திருப்தியாக அடுத்த வரிக்குப் போனான்.

அவள் கண்ணைத் திறந்தாள். சத்தம் பின் இருக்கையிலிருந்து வந்திருந்தது. மத்தியானம் படகுத்துறையைத் தாண்டியதும் முதல் வளைவில் கைகாட்டி ஏறிக்கொண்ட பெண் அங்கே உட்கார்ந்திருந்தாள். அளவுக்குப் பெரிய மழைக்கோட்டு, மடியில் ஒரு துணிப்பை, முழங்கால் மேல் இரண்டு கைகள். வயது இன்னதென்று சொல்ல முடியாத முகம். வாய் மூடியிருந்தது.

கணவனுக்கு ஊரில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. அந்த வேலையில் ஆளை ஆள் பார்க்க முடியாது. மேலே எந்திர அறையில் ஒருவன், கீழே குழியில் ஒருவன், நடுவில் இருட்டு. “விலகிட்டியா?” என்று மேலிருந்து குரல் கொடுப்பான். கீழிருந்து ‘ம்’ வந்தால் லிஃப்ட் பெட்டியை நகர்த்துவான், வராவிட்டால் மாட்டான். எட்டிப் பார்ப்பதால் பயனில்லை, குரல்தான் கணக்கு. அந்தப் பழக்கத்தை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான். “அடுப்பை அணைச்சிட்டியா?” “ம்.” “கதவைப் பூட்டவா?” “ம்.” இந்த நெடும்பயணம் முழுக்க ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாவியைத் திருகியபடி, சாலையைப் பார்த்தபடியே, “ஏறிட்டியா?” என்பான். ‘ம்’ கேட்டால் வேன் நகரும். மனைவி நிஜமாகவே ஏறியிருக்கிறாளா என்று அவன் திரும்பிப் பார்த்து அவள் கண்டதில்லை. இதற்காக அவள் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

வண்டி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்க அவனுக்குக் கதை சொல்ல வேண்டும். கதை நகர அவளுடைய ‘ம்’ வேண்டும். அந்தச் சம்பளமில்லாத உத்தியோகத்தைப் பல வருஷமாக அவள் முணுமுணுத்துக்கொண்டே பார்த்துவந்தாள். கதையைக் கேட்டாளா என்றால் அது வேறு விஷயம். அவன் மூச்சு விடுகிற இடத்தில் இவள் ‘ம்’ என்பாள், அவ்வளவுதான். லேசாக மூக்கு வழியாக, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கிவிடுகிற ‘ம்’. ஆயிரம் பேர் நடுவிலும் அது அவளுடையது என்று சொல்லிவிடலாம்.

பல் மருத்துவமனை ஒன்றின் பின்னறையில் பல்செட் செய்கிறவள் அவள். கணவன் அவளைக் கூப்பிடுவதே ‘பல்லு’ என்றுதான். யாரைப் பார்த்தாலும் அவள் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். பின் இருக்கைக்காரி ஏறியபோதும் அப்படித்தான் பார்த்தாள். ஆனால் பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை.

“எங்க போகணும்?” என்று அவன் கேட்டபோது அந்தப் பெண் ‘ம்’ என்றாள்.

“தீவோட அந்தக் கோடிக்கா? நாங்களும் அங்கதான் போறோம். டென்ட் அடிச்சுத் தங்கப் போறோம். தனியாவா வந்தீங்க?”

“ம்.”

“தைரியம்தான்,” என்றான் அவன். மெச்சுகிற குரல்.

அந்த மெச்சல் மத்தியானத்திலிருந்து அவள் வயிற்றில் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள், ஜாக்கிரதை என்பது அவள் அதற்கு வைத்திருந்த பெயர். அவன் அலுவலகத்து வரவேற்புப் பெண்ணிடம் ஜாக்கிரதை, எதிர்வீட்டு நர்ஸிடம் ஜாக்கிரதை. போனில் வழி சொல்கிற பெண்குரலிடம்கூட ஒருமுறை ஜாக்கிரதையாகி, அதை அணைத்துவிட்டுத் தானே வரைபடத்தைப் பிரித்து வழி சொல்லி, இருவருமாக ஒரு கல்குவாரிக்குள் போய் நின்றார்கள். கைகாட்டுகிற எவரையும் ஏற்றாமல் போவதில்லை என்பது இந்தப் பயணத்தில் அவன் வைத்துக்கொண்ட கொள்கை. மீன்பிடிப்பவர், மாணவர்கள், வழிதவறிய ஒரு தபால்காரர் என்று எத்தனையோ பேர் ஏறி இறங்கினார்கள், அவளும் சகித்துக்கொண்டாள். தனியாக ஒரு பெண் ஏறியது இதுதான் முதல் முறை.

ஆட்டுக் கதை முடிந்தது. அவன் சிரித்தான். பின்னாலிருந்து, சிரிப்பு அடங்கிய சரியான நேரத்தில், ‘ம்’ வந்தது.

“பார்த்தியா பல்லு, இவங்க எவ்வளவு நல்லா கேக்குறாங்க,” என்றான்.

“நான் கேக்கலையா?”

“நீயும் கேக்குறதான். ஆனா இவங்க கேக்குற மாதிரியே கேக்குறாங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. சரி, அடுத்த கதைக்கு நானும் காட்டுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவன் வேறொரு கதையை எடுத்தான். பாதி வாக்கியத்தில் அவசரப்பட்டு “ம்!” என்றாள், சற்று உரக்கவே.

“இரு, இன்னும் சொல்லி முடிக்கல,” என்றான் அவன்.

பின்னாலிருந்தவள் வாக்கியம் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு ‘ம்’ போட்டாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதை இதுதான். வேலையில் சேர்ந்த புதிதில், இன்னும் யாரும் குடிவராத கட்டடம் ஒன்றில் அவன் மேலே இருந்தான், உதவியாள் கீழே குழியில். “விலகிட்டியா?” என்றான். ‘ம்’ வந்தது. பெட்டியை இறக்கினான், ஏற்றினான், மறுபடி கேட்டான், மறுபடி ‘ம்’ வந்தது. காலை முழுக்க அப்படியே வேலை நடந்தது. கீழே இறங்கி வந்து பார்த்தால், உதவியாள் தெருவைத் தாண்டிக் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். குழிக்குள் இறங்கவே இல்லையாம்.

“அப்ப எனக்கு ‘ம்’ சொன்னது யாரு?” என்று கேட்டு நிறுத்தினான்.

“ம்,” என்றாள் பின்னாலிருந்தவள்.

அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான். இவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டது.

“இதை எங்கிட்ட நீங்க சொன்னதே இல்லையே!”

“சொல்லியிருக்கேனே. கல்யாணமான புதுசுல. நீ ‘ம்’ சொன்னியே.”

சொல்லியிருப்பான். தனக்கு ஒரு வார்த்தையும் ஏறியிருக்காது என்று அவளுக்கே தெரிந்தது. அந்தத் தெரிதல்தான் அவளை இன்னும் மூர்க்கமாக்கியது.

பாதி வழியில் ஒரு கடை வந்தது. தகரக் கூரை, வெளியே இரண்டு பெஞ்சு, உள்ளே மண்ணெண்ணெயும் பழைய ரொட்டியும் கலந்த மணம். அவன் மூன்று டீயும் மூன்று பன்னும் வாங்கிவந்து, முதலில் அந்தப் பெண்ணுக்கு நீட்டினான். விருந்தாளிக்கு முதலில் கொடுப்பது மரியாதைதான், அதை மனைவிக்கு யார் சொல்வது? அவள் தன் டீயை ஆறவிட்டு, எதிரே உட்கார்ந்தவளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடத் திறந்துதானே ஆகவேண்டும். அந்தப் பெண் பன்னைக் கையில் வைத்திருந்தாள், டீயின் ஆவி முகத்தில் படிய விட்டாள். உதடுகள் பிரியவில்லை. அவை பிரிகிற இடத்தில் ஒரு கோடு இருந்தது. பல் அச்சு வார்க்கிற பிளாஸ்டரில் பென்சிலால் குறிப்பார்களே, இங்கே அறுக்க வேண்டும் என்று, அந்த மாதிரி ஒரு கோடு.

அந்தப் பெண் இதுவரை ஒரு சொல்லும் பேசியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் பட்டது. ‘ம்’ தவிர ஒன்றுமில்லை.

அவள் எழுந்து கணவனைத் தனியே இழுத்தாள். “என்னங்க, இவளை இங்கயே விட்டுட்டுப் போயிடலாம். எனக்கு என்னமோ சரியாப் படல.”

“உனக்கு எந்தப் பொண்ணுதான் சரியாப் பட்டிருக்கு?” என்று அவன் சிரித்தான். உண்மைதான் என்பதால் வலித்தது. எத்தனையோ முறை ஒன்றுமில்லாததற்குக் கூப்பாடு போட்டவள், இன்று நிஜமாகவே ஏதோ இருக்கிறது என்றால் யார் நம்புவது?

ரோஷம் தலைக்கேறியது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நேராக வேனுக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். “அவங்களே முன்னாடி உக்காரட்டும். கதை கேக்க நல்ல ஆள் வேணுமே உங்களுக்கு.”

வேண்டாம், நீ வா என்று அவன் சொல்ல வேண்டும். அவன் சொல்வான் என்று நிச்சயமாக இருந்தாள். மழைக்கோட்டு சரசரக்க அந்தப் பெண் முன்னால் ஏறினாள். அவன் சாவியைத் திருகினான்.

“உனக்குப் பரவாயில்லையா, பல்லு?”

அவள் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை. தன் மௌனம் அவனைக் குத்தட்டும் என்று விட்டாள்.

“ம்.”

மூக்கு வழியாக. கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி.

அது அவளுடைய ‘ம்’. அவள் வாயிலிருந்து வரவில்லை. முன் இருக்கையிலிருந்து வந்தது. அவன் தலையாட்டிவிட்டு வேனை நகர்த்தினான்.

பின் இருக்கை ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரமில்லை, மூச்சு பட்ட கண்ணாடியின் ஈரம். அதிலிருந்து ஒரு வாடை வந்தது. முதலில் பிடிபடவில்லை, பிறகு பிடிபட்டது. உருக்கிய மெழுகு, ஈரமான பிளாஸ்டர், கையுறைக்குள் வேர்த்த விரல்கள். ஊரில், கடலுக்கு அப்பால், பூட்டிவைத்துவிட்டு வந்த தன் பின்னறையின் வாடை அது. அவள் இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கடல் முதலில் நிறம் இழந்தது, பிறகு புல்மேடு, பிறகு சாலையோரக் கற்கள். முன்னால் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. ஒன்று பேசியது, இன்னொன்று சற்றே சாய்ந்து கேட்டது. தன் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து, தன் கணவனின் பேச்சைத் தான் ஒருநாளும் கேட்காத மாதிரி கேட்டுக்கொண்டு வருவதைப் பின்னாலிருந்து பார்க்கிறபோது, எந்தத் தொடுதலும் இதைவிட மோசமாக இருக்காது என்று அவளுக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது.

“வண்டியை நிறுத்துங்க,” என்றாள்.

குரல் காற்றாக வந்தது.

“ஏதாவது சொன்னியா?” என்றான் அவன். சாலையைப் பார்த்தபடியே.

“ம்ஹூம்,” என்றது முன் இருக்கை.

“சரி,” என்று அவன் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான்.

தீவின் கோடியில் சாலை முடிந்து புல் தொடங்கியது. அதற்குப் பிறகு பாறை, பிறகு கடல். மனித வாடையே இல்லாத இடம். அலை பாறைக்குள் புகுந்து வெளியேறும்போது யாரோ வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளிப்பதுபோல் கேட்டது. அவன் உற்சாகமாக டென்ட் மூட்டையை இறக்கினான். இத்தனை வாரமாக இருவருமே சேர்ந்துதான் டென்ட் அடித்தார்கள், அவன் ஒரு முனையில், அவள் எதிர்முனையில். அவள் வழக்கமான இடத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்தாள்.

“பிடிச்சிட்டியா?”

அவள் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வாயைத் திறந்து சொல்லப் போனாள். உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காய்ந்துபோன உதடுகள், கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் பிரித்தாள். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ‘ம்’ வந்துவிட்டது. அவன் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு அடுத்த முனைக்குப் போனான்.

கூடாரம் நின்றது. சிறிய அடுப்பில் தண்ணீர் கொதித்தது. அவன் இயல்பாகச் சொன்னான்: “நான் வேன்ல படுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் டென்ட்ல படுத்துக்குங்க.” முறையான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெண்ணுடன் ஒரே துணிக்கூரைக்குக் கீழே படுப்பதா? அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து, டென்டுக்குள் போய், ஜிப்பைச் சர்ரென்று மேலேயிருந்து கீழேவரை இழுத்து மூடினாள்.

அவர்கள் வீட்டில் ஊடலுக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. அவள் கோபித்துக்கொண்டு அறைக்குள் போனால், அவன் கதவுக்கு வெளியே நின்று கூப்பிடுவான். முதல் அழைப்புக்கு அவள் பேச மாட்டாள். இரண்டாவதுக்கும் மாட்டாள். மூன்றாவதுக்கு ‘ம்’ என்பாள். அந்த ‘ம்’ வந்தால் சமாதானம். எத்தனை பெரிய சண்டையானாலும் மூன்றாவது அழைப்பைத் தாண்டியதில்லை. அவன் மூன்றாவது முறையும் கூப்பிடாமல் போனதில்லை.

அவள் இருட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். வெளியே அடுப்பின் சீறல் நின்றது. புல்லில் காலடி. அவனுடைய காலடிதான், இடது காலைச் சற்று அழுத்தி வைப்பான். துணிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

“பல்லு, தூங்கிட்டியா?”

அவள் பேசவில்லை. உள்ளுக்குள் ஏதோ இளகத் தொடங்கியது. வந்துவிட்டான். அவளை விட்டுவிட்டு என்னிடம் வந்துவிட்டான்.

“பல்லு. கோபமா?”

கன்னத்தில் சிரிப்பு முட்டியது. இன்னும் ஒரே ஒரு முறை. கூப்பிடட்டும். நன்றாகக் கூப்பிடட்டும். நான் கேட்க வேண்டும், அந்த இன்னொருத்தியும் கேட்க வேண்டும். மூச்சை இழுத்துத் தன் ‘ம்’மைத் தயாராக வைத்துக்கொண்டாள்.

“பல்...” என்று அவன் தொடங்கினான்.

“ம்.”

வெளியிலிருந்து. அவன் பக்கத்திலிருந்து.

“அட, இங்கதான் இருக்கியா!” என்று அவன் சிரித்தான். மனம்விட்டு, நிம்மதியாக. “நான் துணிகிட்ட பேசிட்டிருக்கேன் பாரு. கோபம் போயிடுச்சா?”

“ம்.”

“வா, குளிருது.”

காலடிகள் விலகின. இரண்டு ஜோடி.

நானில்லை! என்று கத்த அவள் வாயைத் திறந்தாள்.

திறக்கவில்லை.

உதடுகள் ஒட்டியிருக்கவில்லை. ஒட்டினால் பிரிக்கலாம். அங்கே பிரிவே இல்லை. விரலால் தடவினாள். ஒரு கோடு மட்டும் தட்டுப்பட்டது. நகத்தால் கீறினாள். வலித்தது. கோடு கோடாகவே இருந்தது. உள்ளே நாக்கு பதறிப்போய்ப் பற்களைத் தேடியது. எத்தனை வாய்களுக்குப் பல் வைத்தவள். ஈறு எப்படி இருக்கும், பல் போன குழி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். குழி இல்லை. ஈறு இல்லை. வழவழப்பு. மெழுகு ஊற்றி ஆறவைத்த வழவழப்பு.

ஜிப்பைத் தேடினாள். கிடைத்தது. பிடித்தாள். விரல் வளைந்தது, ஜிப் அசையவில்லை. துணியை அடித்தாள். துணி நலுங்கவில்லை. வெளியே அவன் குரல் மெல்ல எழுந்தது, தாழ்ந்தது, நின்றது. நின்ற இடத்திலெல்லாம் ‘ம்’ விழுந்தது.

அவள் முழுவதையும் கேட்டாள். வேறு வழியில்லை. காது மட்டும் அவளிடம் மிச்சமிருந்தது.

விடிந்தபோது துணியின் மேல் பழுப்பு வெளிச்சம் பரவியது. அதில் இரண்டு நிழல்கள். ஒன்று அவனுடையது. இன்னொன்று கையைத் தூக்கி, கூந்தலை ஒருமுறை முறுக்கி, இடப்பக்கமாகக் கொண்டை போட்டது. அவள் போடுவதுபோல. பிறகு மழைக்கோட்டைக் கழற்றி எறிந்தது. காபி மணம் வந்தது. அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

“முன்பல்லு உடைஞ்சு உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கா? டாக்டர் அளவெடுக்க உன்னைக் கூப்பிட்டார். நீ வந்து என் பல்லைத்தான் பார்த்தே. மூஞ்சியைப் பார்க்கவே இல்ல. அதுக்காகவே இன்னொரு பல்லையும் உடைச்சுக்கலாமான்னு யோசிச்சேன். இதை நான் உங்கிட்ட சொன்னதே இல்ல. சொன்னா நீ எங்க கேக்கப் போறேன்னு விட்டுட்டேன்.”

“ம்.”

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் இல்லை. அது என் கதை. எனக்கு வரவேண்டிய கதை. இத்தனை வருஷம் அவனிடம் இருந்த கதை, இன்று காலை, வேறொருத்தியின் காதில். கேட்டிருப்பேனே! சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனே! அது பொய் என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நெஞ்சு வெந்தது.

“இன்னிக்கு நீ வேற ஆளா இருக்கே, பல்லு,” என்றான் அவன் கனிவாக.

அப்போது சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண் முதல்முறையாக வாயைத் திறந்திருந்தாள். துணியில் நிழலாகத் தெரிந்தது. தலை பின்னால் சாய, வாய் அகலத் திறக்க, மேல்வரிசையில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. கோணல் கோரைப்பல்லும் தெரிந்தது. அந்தக் கோணலை அவள் தினமும் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

“கிளம்பலாமா? அந்தப் பொண்ணு காலையிலேயே போயிட்டா போலிருக்கு. சொல்லிக்காமலே போயிட்டா. விசித்திரமான ஆள்.”

“ம்.”

“உள்ள எல்லாத்தையும் எடுத்தாச்சா?”

“ம்.”

அவன் குனிந்து பார்க்கவில்லை.

முதல் கம்பி உருவப்பட்டது. கூரையின் ஒரு பக்கம் சரிந்தது. இரண்டாவது கம்பி. துணி இறங்கி அவள் முகத்தில் படிந்தது. அவள் கைகளால் தாங்கிப் பிடித்தாள். தாங்கவில்லை. துணி அவள் கை இருக்கும் இடத்தில் இன்னொரு மடிப்பாக மட்டும் நின்றது. உடம்பு இருந்தது. கனம் இல்லை. வெளிச்சம் நீலமாகி, கருநீலமாகி, போனது.

நான் இங்கே. நான் இங்கே.

கால் பக்கத்திலிருந்து அவன் சுருட்டத் தொடங்கினான். அவன் எப்போதும் அப்படித்தான், அடியிலிருந்து மேலே, முழங்காலால் அழுத்தி, காற்றையெல்லாம் வெளியேற்றி. பாதம் மடிந்தது. முழங்கால் மடிந்தது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாயிருக்கும். இடுப்பு. விலா. மேலே அவன் ஏதோ கதையின் நடுவில் இருந்தான். அவன் மூச்சின் சூடு துணி வழியாக அவள் நெற்றியில் பட்டது. இத்தனை பக்கத்தில் அவன் வந்து நாளாகிவிட்டது. அவன் உள்ளங்கை துணியைத் தடவிச் சமன்படுத்திக்கொண்டே வந்து அவள் முகத்தின் மேல் நின்றது. ஒரு நொடி.

தெரிகிறதா? நான்தான். தெரிகிறதா?

“இறுக்கிக் கட்டிடவா, பல்லு?” என்று அவன் கேட்டான், முழங்காலை அவள் நெஞ்சின் மேல் ஊன்றி, முழுப் பலத்தோடு அழுத்தியபடி.

வெளியே நின்றவள் பதில் சொல்லவில்லை. பேசாமல் காத்திருந்தாள்.

அழுத்தத்தில், அவளுக்குள் மிச்சமிருந்த மூச்சு முழுவதும், வாயில்லாத முகத்தில் வேறு வழி தெரியாமல், மூக்கு வழியாக, கடைசியில் கொஞ்சம் மேலே தூக்கி, வெளியேறியது.

“ம்.”

“நல்லது,” என்று அவன் பட்டையை இழுத்தான்.